சூடு தெரியாத கால்

செருப்பைக் கழற்றாமல் நான் ஒருநாளும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததில்லை. எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற பலரும் அப்படித்தான். சோறு போடுகிற வண்டி சாமிக்குச் சமம். சாமி முன்னால் எவனாவது செருப்போடு நிற்பானா? செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் செருகி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சாவியைத் திருகுவேன். இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் என் வலது காலைப் பறிகொடுக்கப் பார்த்தேன். சாமி மேல் குற்றமில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. இதை ஒத்துக்கொள்ளவே எனக்குப் பல மாதம் பிடித்தது, ஏனென்றால் நான் எதையும் லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேன் ஓட்டினேன். வெளியூர்க்காரர்களுக்கு ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி நினைவுக்கு வரும். எங்களுக்குத் தீப்பெட்டி செய்கிற இடம்தான் ஆபீஸ். காலையில் இடைசெவலைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து விடவேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். பதினெட்டுப் பேர். என் பக்கத்து சீட்டில் எப்போதும் ஒரே பெண்தான் உட்காருவாள். நாற்பது வயசு இருக்கும், புருஷன் இறந்துபோனவள், வாய் கொஞ்சம் நீளம். வேனில் எல்லோரும் அவளை முன்சீட்டுக்காரி என்றே சொல்வார்கள். அந்த சீட்டுக்குக் கீழேதான் இன்ஜின். சித்திரை வெயிலில் அந்த இடம் அடுப்படிதான்.

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முதலில் சில வருஷம் ஒழுங்காக மாத்திரை போட்டேன். பிறகு பாதம் எரிய ஆரம்பித்தது. சாதாரண எரிச்சல் இல்லை, மிளகாய் அரைத்துப் பூசினாற்போல. அப்போது இன்னொரு டிரைவர் சொன்னார் என்று ஆவாரம்பூக் கஷாயத்தில் இறங்கினேன். எங்கள் கரிசல் காட்டில் ஆவாரைக்கு என்ன பஞ்சம், வரப்பு முழுக்க மஞ்சளாகக் கிடக்கும். காலையும் மாலையும் குடித்தேன். சில மாதத்தில் எரிச்சல் குறைந்தது. அப்புறம் அடியோடு நின்றுபோனது. பாதம் பஞ்சு மேல் வைத்த மாதிரி சுகமாக இருந்தது. நோய் போய்விட்டது என்று நானே முடிவு செய்து, மாத்திரையை நிறுத்தினேன். ரத்தம் சோதிப்பதையும் நிறுத்தினேன். கடம்பூர் வழியாகப் போனால் போளி வாங்காமல் வரமாட்டேன். நிறுத்தியதோடு விட்டேனா? வேனில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் வைத்தியம் சொன்னேன்.

"இங்கிலீஷ் மருந்து நோயை அமுக்கத்தான் செய்யும், தாயி. இது வேரோட பிடுங்கிரும். என் காலைப் பாரு, ஒரு எரிச்சல் உண்டா?" என்பேன்.

முன்சீட்டுக்காரி மட்டும் தலையாட்டமாட்டாள். "எரிச்சல் எப்படிப் போச்சுன்னு டாக்டர்ட்ட கேட்டீங்களா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டாள். "போன சனியன ஏன் தேடணும்?" என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் சித்திரையில், என் காலடியில் கிடந்த ரப்பர் மிதியடி கிழிந்துபோனது. புதிது வாங்கும்வரை இருக்கட்டும் என்று ஒரு கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். அடியில் சைலன்சர் குழாயில் ஒரு விரிசல் விட்டிருந்தது. சத்தம் கொஞ்சம் கூடுதலாக வந்தது, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முன்சீட்டுக்காரி தன் காலடியில் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுக்கொண்டு, அதன்மேல் செருப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

"இங்கன கால் வைக்க முடியல அண்ணாச்சி. தகரம் கொதிக்கு."

"ஒனக்கு மெழுகுக் காலு. நான் வெறுங்காலோட இருக்கேன்லா? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றேன். சுட்டால்தான் தெரியும் என்பார்கள். சுட்டும் தெரியாதவன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், கோவில்பட்டிக்குள் நுழைய இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது, பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"கருகுற வாடை வருது! அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க!"

தீப்பெட்டி ஆபீஸ் ஆட்களுக்குக் கண்ணைவிட மூக்குதான் முக்கியம். கருகல் வாடை வந்தால் எங்கிருந்து, ஏன் என்று யோசித்துக்கொண்டு உட்காரமாட்டார்கள், ஓடிவிடுவார்கள். அவர்களில் சிலர் தீயைப் பக்கத்தில் பார்த்தவர்கள். நான் வண்டியை ஓரம் கட்டி, "இறங்குங்க எல்லாரும்!" என்று கத்தினேன். தூக்குவாளிகளை அப்படியே போட்டுவிட்டு உழுத காட்டுக்குள் ஓடினார்கள். ஒருத்தி மண்பாளத்தில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். பேட்டரி வயரைக் கழற்றினேன். சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்த்தேன். டீசல் குழாயைத் தடவிப் பார்த்தேன். எங்கும் தீ இல்லை, புகை இல்லை. வாடை மட்டும் இருந்தது.

முன்சீட்டுக்காரிதான் முதலில் திரும்பி வந்தாள். வண்டியைப் பார்க்காமல் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் நடந்த இடமெல்லாம் ஈரமாகக் குதிகால் தடம் விழுந்திருந்தது. வலது கால் தடம் மட்டும். அவள் வேனுக்குள் கையை விட்டு அந்தச் சாக்கை வெளியே இழுத்தாள். அடிப்பக்கம் கரியாகியிருந்தது. மேல் மடிப்பில் என் குதிகால் அளவுக்கு ஈரம்.

"அண்ணாச்சி, கொஞ்சம் ஒக்காருங்க. காலைத் தூக்குங்க பாப்போம்."

படியில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் தோல் ஒரு கைப்பிடி அளவுக்கு வெளுத்து உரிந்து தொங்கியது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. என் கால்தான். ஆனால் யாருடைய காலையோ பார்ப்பதுபோல இருந்தது, ஏனென்றால் எனக்கு வலிக்கவே இல்லை. ஒரு பொட்டு வலி இல்லை. எனக்கு அப்போது வந்த பயம் இதுவரை எந்த விபத்திலும் வந்ததில்லை.

அந்தப் பயத்துக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? மறைத்தேன். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, ஆணி குத்திவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு மறுநாளும் வண்டி எடுத்தேன். வலிக்காத புண் பெரிய புண்ணா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மூன்றாம் நாள் துணியில் நாற்றம் வந்தது. கணுக்கால் வீங்கியது. உடம்பு கணகணவென்று சுட்டது.

நாலாம் நாள் காலையில் நிறுத்தத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். வேனை நிறுத்திக் கதவைத் திறந்தேன். ஒருத்தியும் ஏறவில்லை. முன்சீட்டுக்காரி கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"காலை டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க. பொறவு ஏறுதோம்."

"ஏட்டி, நீ என்ன டாக்டரா? வழிய விடு. நேரமாச்சு, கேட்டைச் சாத்திருவாங்க."

"சாத்தட்டும். இன்னிக்குக் கூலி போனா நாளைக்குச் சம்பாதிச்சுக்கிடுவோம். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், வலிக்கல வலிக்கலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. காலை முட்டிக்கு மேல எடுத்தாங்க. ஆறு மாசத்துல போய்ச் சேந்துட்டாவ." அவள் நகரவில்லை. "ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. கொதிக்கிற தகரமே தெரியாத காலுக்குப் பிரேக்கு மட்டும் எப்படித் தெரியும்? பதினெட்டு உசிரு அந்தக் காலை நம்பித்தான ஏறுது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதில் இருந்தால் கோபம் வந்திருக்காது. கதவை அடித்துச் சாத்திவிட்டுக் காலி வேனை ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரு ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. ஆனால் மிதித்துக்கொண்டிருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள நான் குனிந்து காலைப் பார்க்கவேண்டியிருந்தது. எத்தனை மாதமாக இப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வண்டியை நேரே வீட்டுக்கு விட்டேன்.

வீட்டு வாசலில் என் மனைவி கட்டைப்பையில் துணிமணி எடுத்துவைத்து, சேலை மாற்றி நின்றிருந்தாள். முன்சீட்டுக்காரி போன் செய்திருக்கிறாள். "ஆணி குத்துன காலைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவில் ஏறியபிறகும் பேசவில்லை. வாயாடிப் பெண்டாட்டி வாய் மூடினால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. புண்ணைப் பார்த்தார், சர்க்கரை பார்க்கச் சொன்னார். மெஷினில் வந்த எண்ணை மனைவியிடம் காட்டினார், என்னிடம் காட்டவில்லை. பிறகு தூண்டில் நரம்பு மாதிரி ஒரு சின்ன நைலான் இழையை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கோங்க. புண் இல்லாத இடத்துல இதால தொடுவேன். தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க."

கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொன்னால் காலை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அதனால் மனசுக்குள் தாளம் போட்டு, மூன்று எண்ணுவதும் "ஆமா" என்பதுமாக இருந்தேன். ஆமா. ஆமா. ஆமா. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தபோது என் மனைவி விசும்புகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இழை மேசைமேல் கிடந்தது.

"நான் கொஞ்ச நேரமா தொடவே இல்லையே, அண்ணாச்சி" என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. அவமானத்தில் எனக்குக் காது அடைத்தது.

ஆவாரம்பூ கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "எரிச்சல் நின்னதும் குணமாயிட்டுன்னு நினைச்சீங்க. வீட்டுல தீப்பிடிச்சா கத்துறதுக்கு ஒரு ஆள் இருந்தார்னு வைங்க. அவர் கத்துறதை நிறுத்திட்டார். தீ அணைஞ்சதால நிறுத்தல, அவரே செத்துட்டார். உங்க பாதத்துல நரம்பு அப்படித்தான் ஆயிருக்கு. சர்க்கரை கூடிக்கூடி நரம்பைக் கொன்னுருச்சு." தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்காரனுக்கு இதைவிடப் புரிகிற மாதிரி சொல்ல முடியாது.

அன்றே படுக்க வைத்தார்கள். காலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவியைப் பாதத்தில் வைத்தார்கள். அதிலிருந்து புஸ் புஸ் என்று சத்தம் வந்தது. டாக்டரம்மா முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம். "ரத்தம் வருது. காலைக் காப்பாத்த வழி இருக்கு" என்றார். அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரி என் சதைக்குள் போய்வந்தது, தட்டில் ஒவ்வொன்றாக விழுந்தது. வேறு யாருக்காவது செய்திருந்தால் ஆஸ்பத்திரியே அலறியிருக்கும். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அலற முடியாததற்காக அழுதேன்.

பிறகு டாக்டரம்மா ஒரு நீலப் பேனாவால், கணுக்காலுக்குக் கீழே சிவப்பு முடிகிற இடத்தில் கோடு போட்டார். "இந்தச் சிவப்பு, இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. அதைத்தான் பாத்துக்கிட்டே இருக்கப் போறோம்."

இன்சுலின் போடவேண்டும் என்றதும் நான் முரண்டு பிடித்தேன். ஊசி என்றால் கடைசி மருந்து, அது போட்டவன் பிழைத்ததில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நானே பல பேரிடம் அதைப் பரப்பியிருக்கிறேன். அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். "ஊசி போட்டவன் சாகல. ஊசி வேண்டாம், வேண்டாம்னு கடைசி வரைக்கும் இருந்துட்டுப் போனவந்தான் செத்தான். கையை நீட்டுங்க." டாக்டரம்மா சிரித்துவிட்டு, "கையில இல்லம்மா, வயித்துல" என்று அவளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். உடம்பில் சுரக்கவேண்டியது போதாமல் போனதால் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்றார். முதல் ஊசியை மனைவிதான் போட்டாள். எனக்கு வயிற்றில் சுருக்கென்று தைத்தது. அங்கேயாவது தைக்கிறதே என்று நினைத்தேன்.

மறுநாள் சிவப்பு அந்தக் கோட்டிலேயே இருந்தது. அதற்கு மறுநாள் ஒரு விரல்கடை தாண்டியது. பெரிய சர்ஜன் வந்து பார்த்தார். மருந்தை மாற்றினார். இன்னொரு இடத்தில் கீறிச் சீழை எடுத்தார். "நாளைக் காலையில பாப்போம். இன்னும் ஏறுனா முட்டிக்குக் கீழ எடுக்கணும். உயிர் முக்கியம்" என்று சொல்லி, ஒரு தாளை மனைவியிடம் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போடாமல் அந்தத் தாளை மடியிலேயே வைத்திருந்தாள். நான் அன்றைக்குத்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் முதல் மன்னிப்பு. "காலு இருந்தா மன்னிக்கேன்" என்றாள்.

விடிந்ததும் நர்ஸ் வருவதற்கு முன்பே அவள் கட்டுக்கு மேலே தெரிந்த இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். விரலை வைத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், கேட்கத் தைரியமில்லை. "ஏறல" என்றாள். "அங்கனயேதான் நிக்கு." சர்ஜன் வந்து அதையேதான் சொன்னார். அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அப்புறம் மூன்று மாதம். தினமும் கட்டு மாற்றல், காலை ஊன்றாமல் இருத்தல், வேளை தவறாமல் ஊசி. குதிகால் பள்ளத்தில் வைக்கத் தொடையிலிருந்து தோல் எடுத்தார்கள். ஒட்டிய இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எடுத்த இடம் தொடையில் தீயாய் எரிந்தது. நர்ஸ் வலி மாத்திரை கொடுத்தபோது, கொஞ்ச நேரம் எரியட்டும் தாயி என்றேன். அவள் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பாள்.

புண் ஆறியது. இனி வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று, பஞ்சு மெத்தை வைத்த செருப்பு ஒன்று அளவெடுத்துக் கொடுத்தார்கள். வண்டி ஓட்டலாமா என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். முதலாளி கூப்பிட்டு விட்டார், தற்காலிக டிரைவர் சரியில்லையாம். போனேன்.

சாயங்காலம், ஆபீஸ் விட்டு எல்லோரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணாச்சி வந்துட்டாவ" என்று ஒரே கூச்சல். ஒருத்தி கடம்பூர் போளியை நீட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப வைத்துக்கொண்டாள். வேன் படியில் நின்றேன். செருப்போடு ஏறவேண்டும். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஏறினேன். புது மிதியடி போட்டிருந்தார்கள். சைலன்சரும் மாற்றியாயிற்று. சாவி கையில் இருந்தது. முன்சீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான் பேசாமல் சாவியைத் திருகியிருக்கலாம். குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சாவியைத் திருகாமல் கண்ணை மூடிக்கொண்டேன். காலைத் தூக்கினேன். பிரேக்கைத் தேடி அழுத்தினேன்.

"தாயி, நான் இப்ப எதை மிதிக்கேன்? பாத்துச் சொல்லு."

இன்னும் பலமாக அழுத்தினேன். முழங்கால்வரை இறுகியது. பிரேக்குதான், சந்தேகமே இல்லை என்று தோன்றியது.

"சொல்லு தாயி."

"எதையும் மிதிக்கல அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. "ஒங்க காலு தரையிலதான் இருக்கு."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பின்னால் பதினேழு பேரும் வீடு போகிற சந்தோஷத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சாவியை உருவி அவள் கையில் கொடுத்தேன்.

"இறங்குங்க எல்லாரும்" என்றேன்.